கச்சான் சரையின் தாங்குதிறன்: குறிகட்டுவான் – நயினாதீவுக் கடல்வழி ஆய்வு

1. பாயிரம்

கச்சானைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பலர். அதைச் சுமக்கும் சரையைத்தான் அறிவுலகம் தின்று முடித்ததும் எறிந்துவிட்டது. இப்பழியைத் துடைக்க, நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகேறியபோது அடியேன் இவ்வாய்வை மேற்கொண்டேன். கருவிகள்: இரண்டு கை, ஒரு வாய்.

2. ஆய்வுப் பொருள்

பழைய பத்திரிகையின் கால்பக்கம். கூம்பாகச் சுருட்டி நுனி மடித்தது. இத்தாள் சதுர மீற்றருக்கு 50 கிராம்கூடத் தேறாது. உள்ளே இருப்பவை பொடி மரநார்கள். அவற்றை ஒட்டிவைப்பது பெரும்பாலும் பசையல்ல. கூழ் காயும்போது நாரும் நாரும் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. விஞ்ஞானிகள் இதை ஐதரசன் பிணைப்பு என்பர். ஆகவே தாளின் பலம் நாரில் பாதி, நார்களின் உறவில் பாதி. ஒரு வேறுபாடு: மனிதரிடம் ஈரம் இருந்தால் உறவு நிலைக்கும், தாளில் ஈரம் இருந்தால் உறவு போச்சு.

3. பரிசோதனைகள்

(அ) கிழிப்பு: பத்தி வழியே மேலிருந்து கீழே இழுத்தால் தாள் நேராகக் கிழிகிறது, குறுக்கே இழுத்தால் கோணிக்கொண்டு போகிறது. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடுவதே காரணம். பனையோலை வார்ந்து பெட்டி இழைப்பவர்களுக்கு இது பழைய செய்தி.

(ஆ) எண்ணெய்: வடை சுற்றிய தாள் சற்று நேரத்தில் கண்ணாடியானது, மறுபக்கத்து மரண அறிவித்தலை இப்பக்கமிருந்தே வாசித்தேன். ஆனால் தாள் கிழியவில்லை. எண்ணெய் நார்களின் இடைவெளியை நிரப்பி ஒளியை விடுமே தவிர, பிணைப்பைத் தொடாது.

(இ) கடல்நீர்: ஆய்வுகூடங்களில் தாளை 23 பாகை செல்சியஸ், 50 வீத ஈரப்பதனில் வைத்தே சோதிப்பார்கள். படகோட்டி இதற்கு உடன்படவில்லை. நடுக்கடலில் ஓர் அலை மேலே தெறித்தது. நனைந்த பத்திரிகைத் தாளில் பத்தில் ஒரு பங்கு பலமும் மிஞ்சாது என்பது நூலறிவு. அடி திறந்து கச்சான் கொட்டியது பட்டறிவு. மீட்கப்பட்டவை பதினொன்று.

4. வரலாற்றுக் குறிப்பு

1990-களில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராமல், யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சானது. எழுதும் மை ஊறிப் பரவாதபடி பதமிட்ட தாள் அது; ஈரத்துக்குக் கொஞ்சம் நின்று பிடிக்கும். சரை ஆய்வாளர் கண்ணுக்கு மட்டும் அது பொற்காலம். வேறெவர் கண்ணுக்கும் அல்ல.

5. முடிவுரை

திரும்பி வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் கச்சான் ஆச்சியிடம் என் முடிவுகளைச் சமர்ப்பித்தேன். பிணைப்பு, திசை, ஈரம் எல்லாம் விளக்கினேன். ஆச்சி கேட்டுக்கொண்டே ஒரு தாளுக்குள் இன்னொரு தாளை வைத்துச் சுருட்டி, நுனியை இரண்டு முறை மடித்தார்.

“படகில போறவைக்கு நான் ரெண்டு பேப்பரிலதான் சுத்திறனான், தம்பி.”

“அப்ப எனக்கு ஏன் ஒண்டில தந்தனீங்கள், ஆச்சி?”

“படிச்ச ஆள் மாதிரித் தெரிஞ்சுது. கரையில நிண்டே திண்டு முடிப்பியள் எண்டு நினைச்சன்.”