பேருக்குப் பின்னால் நாலெழுத்து

எங்கள் கம்பெனியில் பிரமோஷன் கேட்டால் முன்பெல்லாம் "பார்க்கலாம்" என்பார்கள். இப்போது "சர்டிபிகேட் இருக்கா?" என்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கேட் செக்யூரிட்டிகூட லாரி டிரைவர்களின் செல் நம்பர் எழுதும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். சட்டம் டிஜிட்டல் தகவலுக்குத்தான், நோட்டுக்கு இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தகவல் நிர்வாகத்தில் மேலே போக ஆர்மாவின் ஐஜிபி, ஐஏபிபியின் சிஐபிபி, ஐசாகாவின் சிசா என்று அமைப்புக்கு ஒரு சர்டிபிகேட்டாகக் கடை பெரிது. நான் சிசாவைப் பிடித்தேன். வேலைக்குப் போகும் ரயிலில் பொன்னேரியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்தபடியே படிப்பு. பரீட்சையில் 150 கேள்வி, 4 மணி நேரம். 800-க்கு 450 எடுத்தால் பாஸ். இதில் அழகு என்னவென்றால், மதிப்பெண் 200-இலிருந்துதான் தொடங்குகிறது. என் கணக்கு வாத்தியாருக்கு இந்த ஏற்பாடு தெரியாமல் போயிற்றே! ஆனால் பாஸ் செய்தாலும் சர்டிபிகேட் கைக்கு வராது. 5 வருட அனுபவத்தையும் காட்ட வேண்டும்.

எந்த ஆவணத்தை எத்தனை காலம் வைப்பது, எப்போது அழிப்பது என்ற பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். வருவாய்த் துறையில் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா டாலர்ல பணம் கட்டுற? ஓ.மு.ன்னா ஒரு வருஷம், மூ.மு. மூணு, ப.மு. பத்து. கோப்பை முடிக்கும்போதே மேல எழுதிடுவோம். காலம் முடிஞ்சா அழிச்சிடுவோம். அவ்வளவுதானேடா?"

அவ்வளவுதான். ஒரு அத்தியாயமே முடிந்துவிட்டது.

"கோப்பு காணாமப் போனா சித்தப்பா?"

"காணோம்னு எழுதவே கூடாது. 'தேடுதலில் உள்ளது'ன்னு எழுதணும்."

ஐசாகா 1969-இலிருந்து இயங்குகிறது. இந்த அத்தியாயத்தை இன்னும் சேர்க்கவில்லை.

சர்டிபிகேட் வாங்கியதோடும் விடாது. மாடு வாங்கினவன் தீவனமும் போட வேண்டுமே. 3 வருடத்தில் 120 மணி நேரம் மேற்படிப்பு, அதிலும் வருடத்துக்கு 20-க்குக் குறையக் கூடாது. போதாததற்கு ஆண்டுக் கட்டணம் வேறு.

ஆகவே, சிப்காட் நண்பர்களே, "பரீட்சை ஃபீஸை கம்பெனி பார்த்துக்கும்" என்று மேனேஜர் சொன்னதும் கும்பிடு போட்டுவிடாதீர்கள். வருடா வருடம் கட்டப்போவது யார் என்று மெயிலில் பதில் வாங்குங்கள். அந்த மெயிலுக்கு ப.மு. போட்டு வையுங்கள்.