துரு யாருடையது? எர்ணாவூர்க் குடித்தனவியலுக்கு ஓர் உரை

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் பொதுவான மூலநூல் ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஓரங்கட்டிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே அது. அதன் சாரமெல்லாம் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது என்பது நம் துணிபு. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை ஓனர் பங்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, பாத் டப் ஆகியவை குடியிருப்பவர் பங்கு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை இதுவே பாகப்பிரிவினை.

இவற்றுள் 'பாத் டப்' இடைச்செருகல் என்க. வடசென்னை எர்ணாவூர் போர்ஷன்களில் நீல டிரம்மும் மக்கும் மட்டுமே கண்டறியப்பட்டுள்ளன.

வாஷர் சூத்திரம் ஆழமானது. பத்து ரூபாய்ப் பொருள். அதற்காக ஓனருக்குப் போன் போடுபவர் கடைநிலைக் குடித்தனக்காரர். தானே மாற்றிவிட்டுச் சும்மா இருப்பவர் இடைநிலை. மாற்றிவிட்டு, பழைய வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியேறி, "ஓனரம்மா, இது தேஞ்சு போச்சு, நானே வேற போட்டுட்டேன்" என்று காட்டுபவரே தலைநிலை. அவர் துணி துவைக்கும் நாளில் மோட்டார் கால் மணி நேரம் கூடுதலாக ஓடும். தண்ணீரைத் துண்டிக்கக் கூடாது என்கிறது சட்டம். தொட்டி நிரம்பி வழியும்போது ஓடிப்போய் ஸ்விட்சை நிறுத்துவது யார் என்று சொல்லவில்லை. "இன்னாம்மா, தண்ணி ஊத்துது, காதுல வுழலியா?" என்ற கேள்வி எப்போதும் கீழ்வீட்டை நோக்கியே வருவதால், அது குடித்தனக்காரர் கடமை எனக் கொள்ளலாம்.

இனி துரு. மூலநூலாசிரியர் கடற்கரையில் குடியிருந்தவர் அல்லர். எர்ணாவூரில் கிழக்கே கடல். உப்புக்காற்று தாழ்ப்பாள், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எதையும் விடாது. "நீங்க வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு" என்பர் ஓனர் மரபினர். "நாங்க வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்பர் எதிர் மரபினர். இரண்டும் மெய்யே. மூலத்தின்படி கதவு ஜன்னல் பெயின்ட் ஓனருடையது, பூட்டு குடியிருப்பவருடையது. ஆகவே ஒரே கதவில் துரு பூட்டைத் தாண்டிச் சட்டத்தில் கால் வைத்த நொடியில் செலவு கை மாறுகிறது. துருவுக்கு இது தெரியாது.

காற்று வடக்கிலிருந்து திரும்பினால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூருக்குள் புகுந்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. அந்தக் கோடு வெள்ளையடிப்புக் கணக்கா, குடித்தனக்காரர் கவனக்குறைவா? அட்டவணையில் இருப்பவை ஓனருக்கொன்று, குடித்தனக்காரருக்கொன்று என இரண்டே பத்திகள். இங்கே வீட்டைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாதவர்கள். அவர்கள் செலவையும் சேர்த்து இவ்விருவர் தலையில் கட்டிவிட்டு, "ஓனர் சரியில்லை", "குடித்தனக்காரர் சரியில்லை" என்று பேசுவது ஆய்வு நெறி ஆகாது.

உலக வழக்கு மூலத்தோடு முரண்படுவதும் உண்டு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது சட்டம். பத்து மாதம் என்பது சென்னை வழக்கு. வெள்ளையடிப்பு ஓனருடையது என்பது சட்டம். காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கு. பக்கத்து விம்கோ நகருக்கு 2021இல் மெட்ரோ வந்தது. வாடகை ஏற்றத்துக்குக் காரணம் கேட்டால் இன்றும் அதுவே பதில்.

எனவே எர்ணாவூருக்குக் குடிவரும் வாசகருக்கு ஒன்று: பால் காய்ச்சுமுன், வெள்ளையடிப்பு யார் செலவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சுவரையும் கிரில்லையும் போட்டோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.