‘ஆம்’ பொத்தான்: ஓர் இலக்கண ஆய்வு

பழைய ஆட்டம் ஒன்றை நிறுவுங்கால் திரை இருண்டு, நடுவே ஒரு பெட்டி எழுந்து, மாற்றங்கள் செய்ய இந்நிரலை அனுமதிக்கலாமா என்று வினவும். நாம் ‘ஆம்’ என்போம். ஈண்டு ‘ஆம்’ வந்தது உடன்பாட்டுப் பொருளிலா, எரிச்சற் பொருளிலா என்பதே ஆய்வுப் பொருள். எரிச்சல் என்பது என் துணிபு. படிக்காமல் அழுத்திய ‘ஆம்’ வினையெச்சம்; அதன் வினை பின்னால் வரும்.

இப்பெட்டி 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்குள் வந்தது. முந்திய தலைமுறை ஆட்டங்களோ பால் கணக்கைச் சுவரில் கரியால் எழுதும் தாத்தாக்கள். ஆடிய வரையிலான சேமிப்பைத் தாம் குடியிருக்கும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலேயே கிறுக்கிவைக்கும். சுவரில் எழுதக் கூடாது என்றது விஸ்டா. ஆனால் தாத்தாவிடம் அதைச் சொல்ல யாருக்குத் துணிவு? சுவர்மேல் சத்தமின்றி ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டது. காகிதத்தின் பெயர் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’. தாத்தா இன்றளவும் சுவரில் எழுதுவதாகவே நம்புகிறார்.

ஆட்டத்தோடு வந்த காவலாளியின் கதை இதைவிடச் சோகம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ போன்ற ஆட்டங்களின் குறுந்தகடு அசலா நகலா என்று சோதிக்க, மேக்ரோவிஷன் நிறுவனத்தின் ‘சேஃப்டிஸ்க்’ என்னும் பூட்டு இருந்தது. அதன் டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியில் கூடவே வந்து கணினியின் கருவறைக்குள் நின்றது. காசு கொடுத்தவரையும் திருடராகவே பார்த்த அந்தக் காவலாளியின் இடுப்பில்தான் சாவிக்கொத்து தொங்கியது. கணினிக்குள் எப்படியோ சாதாரணப் பயனராக நுழைந்தவர், இந்த டிரைவரின் பிழையைப் பிடித்துக்கொண்டு முழு அதிகாரத்துக்கு ஏறலாம் என்பது 2007-இல் தெரியவந்தது. டிசம்பரில் ஒட்டுப் போட்டார்கள். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 காவலாளியை வாசலிலேயே நிறுத்தியது. செப்டம்பரில் பழைய பதிப்புகளிலும் தூங்க வைத்தார்கள். ஆடும்போது எழுப்பி, ஆடி முடித்ததும் மறுபடி தூங்க வைக்கக் கட்டளைகளும் தந்தார்கள். (குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும், இதில் முதற்பாதிதான் எளிது.)

காவலாளி விழித்திராவிட்டால் அசல் தகடு ஓடாது. ஆக, கடையில் அசல் வாங்கியவர் தகட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பூட்டுடைத்த நகலை பர்மா பஜாரில் வாங்கியவர் ஆடிக்கொண்டிருப்பார். இதனை அறநூலார் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

கள ஆய்வு: மாதிரி எண்ணிக்கை ஒன்று, என் மைத்துனர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவனிடம் ஓடிபி தராமல் கால்மணி நேரம் வாதாடக்கூடியவர். தாம் காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆடுவதற்காக, பூட்டுடைக்கும், ஊர் பேர் தெரியாத ‘கிராக்’ கோப்பை இறக்கினார். ஆன்டிவைரஸ் அலறியது. “அது அப்படித்தான் கத்தும் மாப்ள” என்று அதை அணைத்தார். ‘ஆம்’ கேட்டது, அழுத்தினார்.

மூன்று மாதம் கழித்து, ஆன்டிவைரஸ் எப்படியிருக்கிறது என்று விசாரித்தேன். “ரொம்பத் திருந்திடுச்சு மாப்ள. இப்பல்லாம் வாயே திறக்கறதில்ல” என்றார்.