கமராவும் கறிச்சட்டியும்

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற காலத்தில் அப்பனும் மாணவன் ஆனால் வீட்டில் என்ன மரியாதை மிஞ்சும்? மாலை வகுப்பில் ஊடகக் கற்கை டிப்ளோமாவுக்குச் சேர்ந்ததிலிருந்து, நான் தேங்காய் வாங்க மறந்து வந்தால் மனைவி, "டைரக்டர் வந்துட்டாரு" என்கிறாள்.

முதற்பாடம் 180 பாகை விதி. பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவே கற்பனையில் ஒரு கோடு கிழித்து, கமரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாண்டினால் யார் யாரைப் பார்க்கிறார் என்பது குழம்பிவிடும். எங்கள் குசினியில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே அந்தக் கோடு கல்யாணமான நாள் தொட்டே இருக்கிறது. ஆனால் ஒரே பக்கம் நிற்பதாவது! அம்மா பேசினால் அம்மா பக்கம், மனைவி பேசினால் மனைவி பக்கம் என்று தாண்டித் தாண்டியே சோறு தின்றவன் நான். படமும் அப்படியே வந்தது. இருவரும் ஒரே திசையைப் பார்த்துத் திட்டினார்கள். அப்படியோர் ஒற்றுமையை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை.

அடுத்தது குலெஷோவ். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கோப்பை, சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டிய ரஷ்யர். முகம் ஒன்றுதான், பார்த்தவர்களுக்குப் பசியும் தெரிந்ததாம், துக்கமும் தெரிந்ததாம். நான் அம்மாவின் முகத்தைப் பொலோஸ் கறியோடும், காலியான காஸ் சிலிண்டரோடும், என்னோடும் ஒட்டி, பக்கத்து வீட்டுப் பையன்களுக்குக் காட்டினேன். கறிக்குப் "பசி" என்றார்கள். சிலிண்டருக்குக் "கவலை." எனக்கு? "அதே கவலைதான், அங்கிள்."

கண்டியில் சினிமா படிப்பவன் ஹந்தானை மலையைக் கும்பிடாமல் தப்ப முடியாது. இந்திய அரசு திரைக்கதையைப் பார்த்து முகம் சுளிக்க, ஸ்பீல்பேர்க் 1983இல் 'இந்தியானா ஜோன்ஸ்' இரண்டாம் படத்துக்காக இந்தியாவையே இங்கே கொண்டுவந்து வைத்தார். படத்தில் அறுபடும் தொங்குபாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்குப் பக்கத்தில். ஒரு தடவைதான் அறுக்கலாம் என்பதால் பல கமராக்களை ஒன்றாக ஓடவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு கைத்தொலைபேசி. அதிலும் அறுக்கிற நேரம் பார்த்து மச்சான் கோல் எடுப்பார்.

அந்தப் படத்தில் கிராமத்துப் பூசாரியாக வருபவர் நம் நாட்டு டி. ஆர். நாணயக்கார. ஆங்கிலம் தெரியாது. கமராவுக்குப் பின்னால் நின்று ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்ல, கேட்டபடியே திருப்பிச் சொன்னாராம். வகுப்பில் இதைப் பெரிய உத்தி என்று வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எனக்குப் பின்னால் நின்று என் மனைவி செய்வதும் அதுதான்.

பிறகு பார்வையாளர் ஆய்வு. படம் எடுப்பவர் வைக்கும் பொருளைப் பார்ப்பவர் ஏற்கலாம், பாதி ஏற்கலாம், அடியோடு மறுக்கலாம் என்று 1973இல் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் எழுதினார். சரிபார்க்க அம்மாவுக்கு அந்த இந்தியானா ஜோன்ஸைப் போட்டேன். இந்தியக் கிராமத்தார் வாயைத் திறந்ததும் சிங்களம் வந்தது. "இது இந்தியான்னு அமெரிக்காக்காரன் நம்புவான், நாவலப்பிட்டிக்காரி நம்புவாளா?" என்று எழுந்து போய்விட்டார். ஹால் இருந்திருந்தால் அம்மாவுக்குக் கை கொடுத்திருப்பார்.

அதே ஆய்வுக்கு நான் தயாரித்த வினாக்கொத்தில் 'சினிமாவிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு, தகவல், பொழுதுபோக்கு, மன ஆறுதல் என்று கட்டங்கள் போட்டிருந்தேன். அம்மா எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'எம்.ஜி.ஆர்.' என்று எழுதினார். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் எம்.ஜி.ஆர். அம்மாவுக்கு இது ரசனை விஷயமில்லை, ஊர் விஷயம். சாரா டிக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரையில் தங்கி சினிமா ரசிகர்களிடம் பேசி 1993இல் ஒரு புத்தகமே போட்டார். அவர் தப்பித்தார், அம்மா மதுரையில் இல்லை.

கடைசியில் என் குறும்படத்தை வீட்டிலேயே திரையிட்டேன். மனைவி ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். 'இப்படத்தை யாருக்குச் சிபாரிசு செய்வீர்கள்?' என்பது இறுதிக் கேள்வி. எங்கள் வீடு மலைச்சரிவில். எங்கள் கான் தண்ணீர் கீழ்வீட்டு முற்றத்தில் இறங்குகிறது என்று அவர்களோடு பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது. மனைவி யோசிக்கவே இல்லை. பென்சிலை வாங்கி, 'கீழ்வீட்டுக்காரர்களுக்கு' என்று எழுதினாள்.