நாற்பத்தொன்பது தோல்வியும் ஒரு பட்டியலும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசுப் பணத்தில் 1 லட்சம் டாலருக்குக் குறையாமல் சம்பளம் வாங்குவோர் பட்டியல், 1996 சட்டப்படி ஆண்டுதோறும் வெளியாகும். பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை அறிய இதைவிட மரியாதையான வழி கிடையாது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் சிலருக்கு ஆண்டுச் சம்பளம் 1 கோடி டாலரைத் தாண்டும். ஒன்ராறியோப் பட்டியலில் உள்ள ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலோ, சில ஆண்டுகள் சம்பளத்தில் முதலிடம் பிடித்தவர் அதன் பணத்தை முதலீடு செய்பவர். பந்தைத் தொடவே வேண்டாம்!

அந்தப் பல்கலைக்கழகத்தின் வார்சிட்டி புளூஸ் அணி 1909இல் கனடியக் கால்பந்தின் முதல் கிரே கிண்ணத்தை வென்றது. 2001 முதல் 2008 வரை தொடர்ந்து 49 ஆட்டங்களில் தோற்றது. அதற்கும் யாரோ சம்பளம் வாங்கியிருப்பார்கள், தோற்பதும் உழைப்புத்தானே. கடைசியில் வாட்டர்லூ பல்கலைக்கழக அணியை 18–17 என்று வென்றார்கள். ஒரே ஒரு புள்ளி.