ஓரெழுத்து வில்லங்கம்

ஆங்கிலத்தில் 'ஏ' போடுவதா, 'ஆன்' போடுவதா என்று கேட்டால், பள்ளிக்கூடம் ஐந்து உயிரெழுத்துகளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. பிள்ளையும் அதை நம்பிப் போய், யூனிவர்சிட்டிக்கு முன்னால் 'ஆன்' போட்டு மாட்டிக்கொள்கிறது. விதி எழுத்துக்கு அல்ல, காதில் விழும் ஒலிக்கு. அதனால்தான் 'ஏ யூனிவர்சிட்டி', 'ஆன் அவர்'.

சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். எம்எல்ஏ உயிரெழுத்தில் தொடங்குகிறார், ஆகவே 'ஆன்'. ஆனால் நம்மூர் வாயில் அவர் 'யெம்மெல்லே'. அந்த உச்சரிப்புக்கு 'ஏ'யே போதும். பதவியில் இருந்தும் ஓர் எழுத்து நஷ்டம்!

வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'ஏ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லியே, நடுவில் நிற்கும் 'ந' யார் வீட்டுச் சொத்து என்பது மறந்து 'ஆன் ஏப்ரன்' ஆக்கிவிட்டார்கள். பல்லி மாதிரி இருக்கும் நியூட்டுக்கோ தலைகீழ் யோகம்: 'ஆன்' இழந்த 'ன்' அதன் தலையில் ஏறிக்கொண்டது.

மூலிகையைக் குறிக்கும் 'ஹெர்ப்' லண்டனில் 'ஏ ஹெர்ப்', நியூயார்க்கில் 'ஆன் எர்ப்'. 'ஹிஸ்டாரிக்' என்று ஹகரத்தை அழுத்திச் சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் 'ஆன்' போடும் கனவான்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை எந்த வாத்தியாரும் பெஞ்சு மேல் ஏற்றியதில்லை.