மயிலுக்கு எந்த பட்டன்?

அனுப்புநர்: மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்பவன், விராலிமலை, புதுக்கோட்டை மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள், டிடிஎச் நிறுவனம்.
பொருள்: டிஷ் மீது மயில் உட்கார்ந்தது தொடர்பாக.

ஐயா,

தங்கள் உதவி எண்ணில் மழைக்கு 1, கரண்டுக்கு 2, வயருக்கு 3 என்கிறது ஒரு பெண்குரல். மயிலுக்கு எதை அமுக்குவது? எங்கள் முருகன் மலைமேல் இருந்துகொண்டு வாகனங்களை எங்கள் மாடிகளில்தான் நிறுத்துகிறார். அவற்றில் ஒன்று, நாலைந்து கிலோ இருக்கும், டிஷ்ஷின் விளிம்பில் உட்கார்ந்து தோகையை ஓர் உதறு உதறியது. கீழே சீரியல் மாமியார் திறந்த வாய் மூடாமல் கட்டங்கட்டமாக உறைந்துபோனார்.

"விரட்டிவிடுங்க சார்" என்றார் தங்கள் பிரதிநிதி. 1963 முதல் அது தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருக்கிறது. கல்லெறிந்து நான் உள்ளே போனால், அங்கே டிவி பார்க்க யாருடைய டிஷ் என்றாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து, "நீங்களே லேசா திருப்பிப் பாருங்க" என்றார். அந்த 'லேசா'வில்தான் வினையே. செயற்கைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். வீட்டு டிஷ் இரண்டு டிகிரி விலகினாலே படம் போச்சு. உதாரணமாக, 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15ஐ இங்கிருந்து பிடிக்க, தென்கிழக்கே திரும்பி ஏறக்குறைய 68 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். டிஷ்ஷோ அவ்வளவு அண்ணாந்திருக்காது. அலையை வாங்கும் எல்என்பி கீழே தள்ளி இருப்பதால் அது பார்ப்பது ஒரு பக்கம், பிடிப்பது வேறு பக்கம். அரசியல் தெரிந்த தட்டு. கண்ணளவில் திருப்பினால் அகப்படாது.

திருப்பியபோது டிவி திரையின் சிக்னல் மீட்டரில் ஸ்ட்ரெங்த் 90ஐத் தாண்டியது, குவாலிட்டி பூஜ்யம். "ஸ்ட்ரெங்த் நல்லாத்தானே இருக்கு" என்று புகாரை முடித்துவிட்டார்கள். ஸ்ட்ரெங்த் என்பது வயரில் ஏதோ வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி; பக்கத்துக் கோளின் அலை வந்தாலும் ஏறும். நம் கோளின் அலை சிதையாமல் வருகிறதா என்று சொல்வது குவாலிட்டிதான். தங்கள் நிறுவனத்தையும் இதே மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பிறந்தநாள் வாழ்த்து, ரீசார்ஜ் நினைவூட்டல், 'உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று எஸ்எம்எஸ்: ஸ்ட்ரெங்த் பிரமாதம்.

2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளில் மின்கோளாறு ஏற்பட்டுப் பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் டிஷ்ஷை 93.5இலிருந்து மீசாட்-3 நின்ற 91.5க்குத் திருப்ப வேண்டியதாயிற்று. கோள் கெட்டதற்கு மாடி ஏறிய தொழில், மயில் உட்கார்ந்ததற்கு ஏறக் கூடாதா?

இயற்கைச் சீற்றத்துக்கு வாரண்டி இல்லை, வருகைக் கட்டணம் உண்டு என்கிறீர்கள். மயில் சீறவில்லை ஐயா, அகவத்தான் செய்தது. எங்கள் முருகனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். தங்களுக்கு என்ன படைத்தால் ஆள் வரும் என்று தெரிவிக்கவும்.

வருகிறவர் ஸ்பேனரோடு வரட்டும். குவாலிட்டியைப் பார்த்து நட்டை இறுக்கட்டும். 'பெட்டியை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதை மட்டும் ஆபீசிலேயே வைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் திருப்தியான வாடிக்கையாளர் (எஸ்எம்எஸ்படி)